சும்மா கிடக்கும் மாடி

ஆடிக் காற்று சன்னல் கதவைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் காவியா கூப்பிட்டாள். நான் எழுந்து வந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். எந்த வீட்டு மாடியில் சோலார் பேனல் எப்படி வரவேண்டும் என்று வரைந்து கொடுப்பது அவள் வேலை. நாங்கள் அதை மாடியிலேயே, முட்டி போட்டு, சாக்கட்டியால் வரைந்தோம். அவளுக்கு வானத்திலிருந்து எடுத்த படம் வந்துவிடுகிறது. படத்தின்மேல் கட்டம் கட்டமாகப் பேனலை இழுத்து வைக்கிறாள். ஏணி வேண்டாம், வெயில் வேண்டாம். குறை சொல்லவில்லை. எனக்கு அது கிடைத்திருந்தால் என் கண் இன்னும் கொஞ்ச காலம் உழைத்திருக்கும்.

"தேவகியக்கா, ஒரு டவுட். ஏரியூர் பக்கம் ஒரு வீடு. ஏற்கெனவே கொஞ்சம் பேனல் இருக்கு, மீதி இடத்துலயும் போடணுமாம். படத்துல பார்த்தா மாடி நடுவுல பழுப்பா ஒரு திட்டு தெரியுது. துருவா, தண்ணி நின்ன கறையான்னு புரியல. கஸ்டமரக் கேட்டா, மாடி சும்மாதான் கெடக்குதுங்கறார்."

"தண்ணித் தொட்டி எந்த மூலையில இருக்கு?"

"அதான் அக்கா வேடிக்கை. வடக்கு ஓரமா இருக்கு. நம்ம பக்கம் அப்படி யாரும் வைக்க மாட்டாங்களே."

வைக்க மாட்டார்கள். இந்த மாவட்டத்தில் நான் ஏறி இறங்கிய மாடிகளில் அப்படி வைத்திருந்தது ஒரே வீடு. அந்தப் பழுப்பு என்னவென்றும் எனக்குத் தெரியும். "நாளைக்குச் சொல்றேன். அதுவரைக்கும் வரையாத" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்த பிறகு வெகுநேரம் இருட்டு அறையிலேயே உட்கார்ந்திருந்தேன்.

இருட்டு அறை என்பது வைத்தியர் கொடுத்தது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. ஆனாலும் வெயிலைக் கண்டால் நீர் கொட்டுகிறது. ஆயுள் முழுக்கக் கண்ணாடித் தகடுகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தைப் பார்த்தவள் நீங்கள், இனிமேல் போதும் என்றார் அந்த அம்மா. ஐம்பதைத் தாண்டிய கொஞ்ச நாளில் என் உத்தியோகம் இப்படி முடிந்தது. சூரியனை நம்பிப் பிழைத்தவள் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அலுப்பாக இருக்கிறது. வேலை செய்த அலுப்பு தூங்கினால் போய்விடும். இது வேலையில்லாத அலுப்பு. தூங்கி எழுந்தாலும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது.

தொடங்கியது வத்தல்மலையில். பாலிடெக்னிக் முடித்த கையோடு தருமபுரியில் ஒரு சோலார் கடையில் சேர்ந்தேன். மின்கம்பி வந்து சேராத சில மலை வீடுகளுக்கு ஒரு சின்னப் பேனல், ஒரு பேட்டரி, இரண்டு விளக்கு. சுமந்துகொண்டு ஏறுவோம், மாட்டுவோம், இறங்குவோம். விளக்கு எரிந்ததும் அந்த வீட்டு ஆடுகள் மிரண்டு ஓடும். பிறகு வெந்நீர் எந்திரங்கள் வந்தன. பிறகு பெரிய பேனல்கள், மின்வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடும் இன்வெர்ட்டர்கள், வந்ததையும் கொடுத்ததையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் இரு வழி மீட்டர்கள். நடுவில் எத்தனையோ ஆண்டுகள். அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. வெயிலுக்கு எடை உண்டு என்பதை மட்டும் கற்றேன். பேனலைத் தோளில் வைத்துக்கொண்டு குறுகிய மாடிப்படியில் திரும்பியவர்களுக்கு அது தெரியும்.

தொழிலை உண்மையில் தெரிந்துகொண்டது ஜெயபால் சாரிடம் வேலை பார்த்தபோதுதான். பிறகு நான் சேர்ந்த கம்பெனியில் எங்கள் கிளையின் தலைமைப் பொறியாளர். ஒடிசலான ஆள், மணிக்கட்டுவரை இறக்கிவிட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு கறுப்புக் குடை. மாடிப்படியின் கடைசிப் படியில் செருப்பைக் கழற்றிவிடுவார். கொதிக்கிற தளத்தில் வெறுங்காலோடு நிற்பார். ஏன் சார் என்று ஒருமுறை கேட்டேன். "அடுத்தவங்க ரூமுக்குள்ள செருப்போட போவீங்களாம்மா? இதுக்குக் கூரை இல்ல, அவ்வளவுதான்" என்றார்.

வாடிக்கையாளர்கள் விளம்பரத் தாளைப் பிடித்துக்கொண்டு எத்தனை கிலோவாட், எந்த நாட்டுப் பேனல் என்று ஆரம்பிப்பார்கள். சார் அந்தத் தாளை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்துக்கொள்வார். முதலில் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்வார். மோட்டார், கிரைண்டர், பிரிட்ஜ் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அப்புறம் மூன்றே கேள்வி.

"கரண்டு போனா எது ஓடணும்?"

முக்கால்வாசிப் பேர் இந்தக் கேள்வியிலேயே ஏமாந்து போவார்கள். வாரியக் கம்பியோடு சேர்ந்து ஓடுகிற சோலார், கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். மாடியில் வெயில் கொளுத்தும், கீழே மின்விசிறி நின்றிருக்கும். "அப்புறம் எதுக்குங்க இது?" என்பார்கள். சார் நிதானமாகச் சொல்வார்: "கம்பி அறுந்திருக்கும். சரி பண்ண ஒருத்தர் கம்பத்துல ஏறியிருப்பார். உங்க மாடியிலேர்ந்து கரண்டு போனா அவர் செத்துருவார். அதனால தானா நின்னுக்குது. கரண்டு போனாலும் ஓடணும்னா பேட்டரி வைக்கணும்." பிறகு அவர்கள் முடிவு செய்யும்வரை வாயைத் திறக்க மாட்டார்.

"நெழல் எங்கிருந்து வருது?"

இதுதான் இந்த ஊர்களின் தீராத தகராறு. வாஸ்துப்படி தென்மேற்கு மூலை உயர்ந்திருக்க வேண்டும் என்று தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுபோய் அங்கேதான் ஏற்றி வைத்திருப்பார்கள். மதியம் சாய்ந்ததும் தொட்டியின் நிழல் மாடி முழுக்க நடந்து போகும். பேனல்கள் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை; ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் மற்றவை தளர்ந்துவிடும். டவுனில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் பிடிவாதமாக நின்றார்.

"சார், தொட்டிய மட்டும் நகத்தச் சொல்லாதீங்க. கன்னி மூலை ஒசந்து நின்னாத்தான் வூட்டுக்காரன் நிப்பான்."

"நீங்க நில்லுங்க" என்றார் சார். "பேனல கிழக்கால தள்ளிப் படுக்க வச்சுக்கறோம். கொஞ்சம் கொறையும், பரவாயில்லயா?"

"கரண்டு கொறஞ்சா கொறஞ்சுட்டுப் போவுது. நான் கொறையக் கூடாது."

சார் சிரிக்காமல் சாக்கட்டியை எடுத்துக் குனிந்தார். காலை நிழல், உச்சி நிழல், சாய்ந்த நிழல் என்று மூன்று கோடு. கோடு போடும்வரை, வீட்டுக்காரர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும், அந்த மாடியை விட்டு இறங்க மாட்டார். குடை எங்களுக்கு, அவர் வெயிலில் நிற்பார்.

மூன்றாவது கேள்வி: "இந்த மாடிக்குத் தினமும் யாரு வர்றாங்க?"

அதற்குப் பெரும்பாலும் பதில் இருக்காது. யார் வரப்போகிறார்கள், துணி காயப்போட வருவார்கள் என்பார்கள். "அப்ப துணிக்கு எடம் விடணும்" என்று சார் ஒரு கோடு போடுவார். அவ்வளவுதான் அந்தக் கேள்வியின் கதை. மாதம்மாளின் வீட்டுக்குப் போகும்வரை.

ஏரியூரிலிருந்து உள்ளே போகும் சாலையில் அந்த வீடு. ஐப்பசி மழை இரண்டு நாள் ஓய்ந்த இடைவெளியில் போனோம். வீடு பூட்டியிருந்தது, சாவி பக்கத்து வீட்டில் கிடைத்தது. வீட்டுக்காரர் மாதேஷ் பெங்களூரில் ஒரு கம்பெனியில் வேலை. அவருடைய அம்மா மாதம்மாள் மகளின் பிரசவத்துக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்தார். அம்மா திரும்பி வருவதற்குள் மாடியில் சோலாரும் அறையில் ஏசியும் போட்டு அசத்திவிட வேண்டும் என்று மாதேஷுக்கு ஆசை. எல்லாம் போனிலேயே பேசினார்.

மாடிக்கு ஏறியதும் ஜெயபால் சார் அப்படியே நின்றுவிட்டார். நல்ல பெரிய தளம். தொட்டி வடக்கு ஓரத்தில். மாடிப்படிக் கூண்டும் வடக்கு ஓரத்தில். கைப்பிடிச் சுவர் கணுக்கால் உயரம்தான். சுற்றிலும் ஒரு மரக்கிளைகூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. காலையிலிருந்து மாலைவரை நிழல் விழ வழியே இல்லாத மாடி. சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, கோடு போட ஒன்றுமில்லாமல், அவர் ஒரு சுற்று நடந்தார்.

"இந்த வீட்டக் கட்டுனது யாருங்க?" என்று போனில் கேட்டார்.

"உள்ளூர் மேஸ்திரிதான் சார். அப்பா இறந்த அப்புறம் கட்டுனது."

"மாடிக்குத் தினமும் யாரு வர்றாங்க?"

"யாரும் வர மாட்டாங்க சார். மாடி சும்மாதான் கெடக்குது."

மழை கழுவிவிட்ட தளம் பளிச்சென்று இருந்தது. சொன்னதை மறுக்க அங்கே ஒரு பொருளும் இல்லை. கார்த்திகையில் வேலை தொடங்கினோம். தளத்தைத் துளைக்காமல் சிமெண்ட் கட்டைகள் வார்த்து, அதன்மேல் இரும்புச் சட்டம், தெற்கே பார்த்த சின்னச் சாய்வு, தொட்டி தவிர்த்து மாடி நிறையப் பேனல். மண்ணில் மூன்று குழி தோண்டி எர்த் இறக்கினோம். மழையில் நனைந்த மண் இளகிக் கொடுத்தது. பொங்கலுக்கு முன்னால் மீட்டரும் வந்துவிட்டது. நான் பார்த்த வேலைகளில் அழகானது அது. அவ்வளவு ஒழுங்காக ஒரு மாடி எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

மாசியில் மாதேஷ் கூப்பிட்டார். குரல் கொதித்தது.

"மேடம், ஆப்ல பாக்கறேன். காலையில நல்லா ஏறுது. அப்புறம் தொபுக்குன்னு விழுந்துடுது. சாயங்காலம் வெயில் போற நேரத்துல மறுபடியும் கொஞ்சம் வருது. ஒரு வாரமா இதே கதைதான். டூப்ளிகேட் பேனல் கீது குடுத்துட்டீங்களா?"

வெயிலுக்கு நேரெதிராக நடக்கிற ஒரு பழுதை நான் கேள்விப்பட்டதில்லை. மறுநாள் பஸ் ஏறிப் போனேன். முன்கூடத்தில் இன்வெர்ட்டர் ஒழுங்காக மினுக்கிக்கொண்டிருந்தது. மீட்டரை வைத்துப் பார்த்தேன். மேலிருந்து வரவேண்டியது வரவில்லை. எர்த் சரி. கம்பி இணைப்புகள் சரி. மாடிப்படியில் ஏறும்போதே சிரிப்புச் சத்தம் கேட்டது. பெண்கள் சிரிப்பு. கூடவே ஒரு புளித்த வாசனை.

பேனல்கள் சேலை கட்டியிருந்தன.

பழைய நூல் சேலைகள். நீலம், வாடாமல்லி, வெளுத்துப்போன பச்சை. ஒவ்வொரு வரிசைக்கும் ஒன்றாக விரித்து, ஓரங்களைச் சட்டத்துக்குள் செருகியிருந்தார்கள். சேலைகளின்மேல் ஓடு நீக்கிய புளி பரப்பிக் காய்ந்துகொண்டிருந்தது. பேனல் வரிசைகளுக்கு நடுவிலிருந்த நடைபாதையில் நாலைந்து பெண்கள் முக்காடு போட்டு உட்கார்ந்து, கல்லில் வைத்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இருந்தவர், ஊர் திரும்பியிருந்த மாதம்மாள், தலை நிமிர்ந்தார்.

"யாரு கண்ணு நீ?"

"சோலார் கம்பெனியிலேர்ந்து வர்றேங்க. கரண்டு சரியா வரலன்னு உங்க பையன் சொன்னாருங்க."

"வராம? கீழ ஃபேன் சுத்திக்கிட்டுத்தான இருக்குது."

அது வாரியத்து மின்சாரம் என்று எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "இது என்னங்கம்மா?" என்று பேனலைக் காட்டினேன்.

"புளி. டவுன்ல பாக்கெட்டுலதான் காய்க்குதா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் வந்துவிட்டது.

"கண்ணாடி என்னமா சூடு ஏறுது தெரியுமா" என்றார் அவர். "தளத்துல காய வெச்சா எறும்பு, மண்ணு. இதுல ஒண்ணும் இல்ல. பாதி நாள்ல சலசலன்னு காஞ்சிடுது. உங்க கம்பெனி நல்லா இருக்கட்டும்."

பக்கத்தில் இருந்த ஒல்லியான பெண், பேர் கோவிந்தம்மாள் என்று பிறகு தெரிந்தது, "அக்கா வூட்டுக்குப் போட்ட மாதிரி எங்க வூட்டுக்கும் ரெண்டு போட்டுக் குடு கண்ணு. வத்தல் காயப் போடணும்" என்றாள்.

"இது கரண்டுக்குப் போட்டதுங்கம்மா. வெயில் பட்டாத்தான் வேலை செய்யும்."

மாதம்மாளின் கை நின்றது. விரல்நுனிகள் கறுத்து, நகத்தோரம் வெடித்திருந்தன.

"தெரியும் கண்ணு. கரண்டுக்குன்னு தெரியும். எம் பையன் என்னக் கேக்காமப் போட்டான். நானும் அவனக் கேக்காமப் போட்டேன்."

அங்கிருந்தே மாதேஷுக்குப் போன் போட்டேன். பேனல்மேல் புளி காய்கிறது என்பதற்குமேல் என்னால் சொல்ல முடியவில்லை. போனை அவர் அம்மாவிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில் குரல் எல்லாருக்கும் கேட்டது.

"அம்மா, இனிமே புளி தட்டாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? ஏசி போட்டிருக்கு. உள்ள போய் நிம்மதியா உக்காரு."

"உக்காந்து?"

"டிவி பாரு."

"உன் கல்யாண வீடியோவத்தான் பாக்கணும். அதுல நான் சோறு திங்கறது மட்டும் மூணு எடத்துல வருது. எத்தினி தடவடா பாக்கறது?"

மறுமுனையில் அழைப்பு அறுந்தது. பெண்கள் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை மாதம்மாள் சிரிக்கவில்லை. சேலை ஓரத்தைச் சட்டத்துக்குள் இன்னும் அழுத்திச் செருகிவிட்டுச் சொன்னார்.

"இந்த ஊர்ல மத்த வூடெல்லாம் ஓடு, இல்லாட்டி சீட்டு. கீழ போட்டா கோழி கெளறுது, ஆடு வாய வெக்குது. இந்த ஒரு மாடிதான். மாடி இல்லன்னா யாவாரி மரத்தடியிலயே மூட்ட கட்டி வேற ஊருக்கு ஏத்திடுவான். இவளுங்க எல்லாம் விடிகாலையில கம்பெனி பஸ்ஸுக்கு நிக்கணும். நான் அந்த ஏசி ரூமுல செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்கணும்."

கோவிந்தம்மாள் தட்டுவதை நிறுத்தாமல், "பஸ்ஸுல எடம் புடிக்க எனக்குத் தெம்பு இல்ல" என்றாள். வேடிக்கையாகத்தான் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பி ஜெயபால் சாரிடம் சொன்னேன். கையிலிருந்த சாக்கட்டியை மேசைமேல் வைத்தார். பிறகு, "சும்மா கெடக்குதுன்னாரே" என்றார். மாதேஷை ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரச் சொல்லித் தானே பேசினார்.

அந்த ஞாயிறு எனக்கு இன்றும் வெயிலோடு நினைவிருக்கிறது. சார் கடைசிப் படியில் செருப்பைக் கழற்றினார். பெண்களுக்கு நடுவே போய்த் தளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு புளியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கண்ணைச் சுருக்கினார்.

"அம்மா, தொட்டிய ஏன் வடக்கால வெச்சீங்க?"

"பின்ன? கன்னி மூலையில வெக்கணும்னு மேஸ்திரி ஒத்தக் கால்ல நின்னான். வெச்சா மதியத்துக்கு மேல புளி மேல நெழலு உழுவும் இல்ல? முடியாதுன்னுட்டேன். கைப்புடிச் செவுரும் தாழ வெக்கச் சொன்னேன். புள்ள உழுந்துடுவான்னு பயமுறுத்துனான். எம் புள்ள உழமாட்டான், நான் பாத்துக்கறேன்னேன்." அவர் மகனைப் பார்க்காமலே சொன்னார்: "இவன் இங்கதான் நடக்கப் பழகினான். புளி மூட்டைய வேலி கட்டி உள்ள உட்டிருப்பேன்."

சார் மெல்லத் தலையாட்டினார். நாங்கள் வியந்த அந்த நிழலில்லாத மாடி எங்களுக்காகக் காத்திருந்ததல்ல. புளிக்காகக் கட்டியது. அது காலியாக இருந்த காலத்தில் நாங்கள் போயிருந்தோம்.

மாதேஷ் மாடிப்படிக் கூண்டில் சாய்ந்து நின்றிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அம்மாவின் கையைக் காட்டிப் பேச ஆரம்பித்தார்.

"சார், அம்மா வெரலப் பாருங்க. சோத்துல உப்பு பட்டா எரியுதுன்னு ஸ்பூன்ல சாப்புடுது. நான் ஸ்கூல் படிக்கும்போதே அப்படித்தான். ராத்திரி தேங்கா எண்ண தடவி விடுவேன். வேலைக்குப் போனதும் மொதல்ல இத நிறுத்தணும்னு நெனச்சேன். உனக்காகத்தாம்மா போட்டேன்."

"எனக்காகன்னா என்னக் கேக்கணும்" என்றார் மாதம்மாள். கடுமையாக இல்லை. களைப்பாகச் சொன்னார். "கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். அதனாலதான் நீ கேக்கல."

காற்றில் ஒரு சேலை ஓரம் படபடத்தது. கோவிந்தம்மாள்தான் முதலில் மறுபடி தட்ட ஆரம்பித்தாள்.

சார் எழுந்து சாக்கட்டியை எடுத்தார். மாடியின் நடுவே கிழக்கு மேற்காக ஒரு கோடு போட்டார். "அம்மா, இந்தக் கோட்டுக்குத் தெற்கால உங்களுக்கு. வடக்கால மாதேசுக்கு. அங்க தூண் நட்டு ஆளுயரத்துக்கு மேல பேனல தூக்கிடறேன். நெழலு வடக்காலதான் விழும், புளி மேல விழாது. தட்டறவங்க பேனலுக்குக் கீழ உக்காரலாம். பாதிப் பேனல்தான் நிக்கும். மாதேசு, ஏசி நாள் முழுக்க ஓடாது. பரவாயில்லயா?"

மாதேஷ் அம்மாவைப் பார்த்தார். அம்மா கோட்டைப் பார்த்தார். பிறகு எழுந்து வந்து, சாரின் கையிலிருந்து சாக்கட்டியை வாங்கி, அந்தக் கோட்டைக் காலால் தேய்த்து அழித்துவிட்டு, இரண்டடி வடக்கே தள்ளி வேறொரு கோடு போட்டார்.

"இது" என்றார்.

சார் அந்தக் கோட்டை அளந்து பார்த்தார். "இதுக்கும் நிக்கும்" என்றார். மாதேஷ் தலையை மட்டும் அசைத்தார்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அலுப்பான வேலை. அனுமதி வாங்கிய அளவு குறைந்துவிட்டதால் எல்லாவற்றுக்கும் மறுபடி விண்ணப்பம். கழற்றிய பேனல்களை வேறு வீட்டுக்கு ஒதுக்கச் சார் அலுவலகத்தில் பல நாள் வாதாடினார். வைத்த சிமெண்ட் கட்டைகளை உடைத்து இறக்கினோம். ஏற்றும்போது பாரமாக இல்லாதது, இறக்கும்போது முதுகை ஒடித்தது. கண்ணாடியில் ஒட்டிய புளிப்பசையைச் சுரண்டக் கூடாது, கீறல் விழும். ஈரத் துணியை வைத்து ஊறவிட்டு, ஒவ்வொன்றாகத் துடைத்தேன். பங்குனி வெயில் கண்ணாடியில் பட்டு நேராக என் கண்ணுக்குள் வந்தது. அன்று சாயங்காலம்தான் முதல்முறை எனக்குக் கண்ணில் நீர் நிற்காமல் வழிந்தது. மாதம்மாள் ஈரச் சேலைத் தலைப்பை என் கண்மேல் வைத்து அழுத்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "உனக்கு எதுக்குக் கண்ணு இந்த வேலை" என்றார். "உங்களுக்கு எதுக்குங்க அந்த வேலை" என்றேன்.

ஜெயபால் சார் ஓய்வு பெற்று மகனோடு சென்னைப் பக்கம் போய்விட்டார். நான் இன்னும் சில காலம் மாடிகளில் அலைந்தேன். ஒவ்வொரு மாசியிலும் ஒரு பொட்டலம் புளி அலுவலகத்துக்கு வரும். வேலையை விட்ட பிறகு வீட்டுக்கு வந்தது. இந்த வருடம் வரவில்லை. வரவில்லை என்பதையே காவியா கூப்பிட்ட பிறகுதான் கவனித்தேன்.

மறுநாள் மாதம்மாளுக்குப் போன் போட்டேன். நெடுநேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"யாரு, சோலாரு கண்ணா? கண்ணு எப்படி இருக்குது?"

"வெயிலப் பாக்கக் கூடாதாம்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

"முட்டி போச்சு. ரெண்டும். மாடி ஏறி வருசம் ஒண்ணாவுது."

"புளி?"

"கோவிந்தம்மா மெத்த வூடு கட்டிட்டா. என் மாடியவிடப் பெருசு. எல்லாம் அங்க போயிடுச்சி. தொட்டிய மட்டும் கன்னி மூலையில வெச்சுட்டா மூதேவி, சொன்னாக் கேக்கல."

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "மாதேஷ் மீதி இடத்துலயும் பேனல் போடணும்னு கேட்டிருக்காராம். உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். இந்த வாட்டி என்னக் கேட்டான்." மூச்சு வாங்குவது கேட்டது. "நான்தான் போடுன்னேன். கட்டில்ல படுத்துக்கிட்டு அந்த மாடிப்படியையே பாக்கறேன். வெயிலு சும்மா வந்துட்டு சும்மா போவுது கண்ணு. பாக்கப் பொறுக்கல. அதுக்கு ஒரு வேலையக் குடுத்துட்டுப் போ."

என் சன்னலின் கறுப்புத் திரைக்கு வெளியே அதே வெயில் நின்றுகொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு" என்றார். "ஓரமா ஒரு ஆள் உக்கார்ற எடம் மட்டும் வுடச் சொல்லு. முட்டி சரியானா ஏறுவேன். ஏறலன்னாலும் இருக்கட்டும்."

காவியாவைக் கூப்பிட்டேன். படம் பழையது, அந்தப் பழுப்பு காயப்போட்டிருந்த புளிதான், இப்போது அங்கே இல்லை என்றேன். தெற்குப் பக்கம் பேனல் போடலாம், தென்கிழக்கு ஓரத்தில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுவிடு என்றேன். விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"விட்டுட்டேன் அக்கா. ஆனா அந்த எடத்துல என்ன தடைன்னு கம்ப்யூட்டர் கேக்குது. தொட்டி, மரம், சுவர், வேற வீடு, இதுல ஒண்ணு சொல்லணும்."

"ஒரு அம்மா உக்கார்ற எடம்."

"அது இதுல இல்லையே அக்கா."

யோசித்தேன். "மரம்னு போட்டுக்கோ."

"மரம்னா உயரம் கேக்குது."

"ஒரு ஆள் உக்காந்த உயரம்" என்றேன்.